ஆற்று மணலுக்கு அகலச் சக்கரம்

அன்று மதுரை அவனியாபுரம் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். என் அக்காவின் கணவர் தவசி மச்சான், வெல்டிங் வைக்கும் அந்தோணி, என் அய்யா, நான். அய்யா உள்ளே வரவில்லை. வாசலில் கிடந்த பழைய லாரி டயர்மேல் துண்டை விரித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. காலையில் நான் ஊரிலிருந்து கிளம்பும்போது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

இல்லாதது அக்கா. எங்கள் வீட்டில் மூத்தவள், பேச்சியம்மாள். அவளுக்குக் காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மச்சானின் வாடகைக் கார் பின்பக்கம் கட்டைகளின்மேல் தூக்கி நின்றது. கழற்றிய பின்சக்கரங்கள் இரண்டும், டயரும் டியூபும் உரித்த வெறும் இரும்பு ரிம்களாகத் தரையில் கிடந்தன. அவற்றின் வயிற்றைச் சுற்றி அந்தோணி சாக்கட்டியால் ஒரு வெள்ளைக்கோடு இழுத்திருந்தான். அந்தக் கோட்டோடு ரிம்மை இரண்டாக வெட்டி, நடுவே மூன்று அங்குல இரும்புப் பட்டையை வளைத்து வைத்துப் பற்றவைத்தால் ரிம் அகலமாகிவிடும். அகலமான ரிம்மில் அகலமான டயர் மாட்டலாம். அகலமான டயர் ஆற்று மணலில் புதையாது. மச்சானுக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி விஷயம் மட்டும்தான்.

வெல்டிங் கேஸின் கார்பைடு நாற்றம் பட்டறையை அடைத்துக்கொண்டிருந்தது. அந்தோணி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னான்:

"போட்டு முடிச்சா ஏரோப்ளேன் கணக்கா நிக்கும்ணே. பக்கத்துல ஏர்போர்ட்டு வேற இருக்கு. பாத்து ஓட்டுங்க, தவறிப்போய் உள்ள கூப்பிட்டுறப் போறாய்ங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு எங்கள் கதை தெரியாது. வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லும் தமாஷைத்தான் சொன்னான்.

மச்சான் என்னைப் பார்த்தார். "மாப்ள, நீ படிச்சவன். கடைசியாக் கேக்குறேன். வெட்டலாமா, வேணாமா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதற்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பிளசரில் போனவள்

எங்கள் ஊர் குண்டாற்றுக்கு அந்தக் கரையில். பஸ் போகிற ரோடு இந்தக் கரையில். நடுவில் ஆறு. தண்ணீர் வருவது வருஷத்தில் சில நாள். மீதி நாளெல்லாம் வெறும் மணல். பாலம் வரப்போகிறது என்ற பேச்சு நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. பாலம்தான் வரவில்லை.

அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆடு மேய்த்தாள். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான். எழுத்துக் கூட்ட ஆரம்பித்த நாட்களில் அக்கா என்னை ஆற்றைக் கடந்து ரோட்டுக்கு இழுத்துப் போவாள். போகிற லாரிகளின் முதுகில் எழுதியிருப்பதை எல்லாம் வாசிக்கச் சொல்வாள். ‘ஒலி எழுப்பவும்’ என்று வாசித்தால் உடனே அவளே வாயால் ஹாரன் அடிப்பாள். லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். ஆடுகளும் திரும்பிப் பார்க்கும்.

அப்படிப்பட்டவளுக்கு மாப்பிள்ளையாகக் கார் டிரைவரே வந்தார். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "நெலம் இருக்கிறவனாப் பாக்காம ஸ்டீரிங்கு பிடிக்கிறவனுக்குக் குடுத்திருக்காக" என்று பந்தியிலேயே பேசினார்கள். மச்சான் அப்போது ஒருவரிடம் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு கடன் வாங்கிப் பழைய கார் ஒன்று சொந்தமாக எடுத்தார். எங்கள் பக்கத்தில் காரைப் பிளசர் என்பார்கள். பிளசர் முதன்முதலாக எங்கள் தெருவுக்குள் வந்த நாளில், பேசிய அதே வாய்கள் "பேச்சிக்கு வந்த வாழ்வப் பாரு" என்றன.

அக்கா முன்சீட்டில்தான் உட்காருவாள், முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு. மச்சான் காலையில் கார் எடுக்கும்முன் நான்கு டயரையும் ஒவ்வொன்றாக எட்டி உதைத்துப் பார்ப்பார். டயர் கல்லாக இருக்க வேண்டும் அவருக்கு. காற்று நிறைய இருந்தால் பெட்ரோல் மிச்சம் என்பார். கொஞ்ச நாளில் அந்த வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். வெறுங்காலால் உதைப்பாள். "இரும்பாட்டம் இருக்கு. கெளம்புங்க" என்பாள்.

காலியாக வந்த கார்

தலைப்பிரசவம் தாய்வீட்டில். நாள் நெருங்கிவிட்டது என்று மச்சான் முந்தின மாலையே வந்து காரை எங்கள் வாசலில் நிறுத்தியிருந்தார். தனியாக வந்தார். மாட்டுவண்டித் தடத்திலேயே ஓட்டி ஆற்றைச் சுலபமாகக் கடந்துவிட்டார்.

விடிகாலையில் வலி கண்டது. அய்யா மாட்டுவண்டியைப் பூட்டிவிட்டார். வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துக்கொண்டிருந்தார். ஆத்தா வெளியே வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"வாசல்ல பிளசரு நிக்கையில எம்மகள மாட்டுவண்டியில அனுப்பப் போறியா? தெருவுல நாலு பேரு என்ன பேசுவாக?"

"வண்டியில போனா குலுங்கும் மாமா" என்றார் மச்சான். அதுவும் நியாயம்தான்.

அய்யா மாட்டை அவிழ்த்தார். அக்கா கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு, அந்த வலியிலும் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுய்யா. நா போயிட்டு வாரேன்."

வரும்போது காலி வண்டி. போகும்போது அக்கா, ஆத்தா, மருத்துவச்சி, இரண்டு சித்திகள், முன்சீட்டில் நான், ஓட்டுகிற மச்சான். தடத்தில் போய்க்கொண்டிருந்த கார் ஆற்றின் நடுவில் லேசாகத் தயங்கியது. மச்சான் ஆக்சிலேட்டரை மிதித்தார். பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. மணல் பின்னால் பறந்தது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. அக்காவைத் தவிர எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வேலிமுள்ளை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தோம். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. கடைசியில் அச்சு மணலில் உட்கார்ந்துவிட்டது.

உள்ளேயிருந்து அக்காவின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு குறைந்தது. குறைந்ததுதான் பயமாக இருந்தது.

கரையிலிருந்து பார்த்த அய்யா திரும்பி ஊருக்கு ஓடினார். மேயப் போயிருந்த மாட்டைப் பிடித்து, மறுபடி பூட்டி, அவர் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மாட்டுவண்டி அந்த மணலை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கடந்துவிட்டது. ரோட்டில் ஒரு லாரிக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். ‘ஒலி எழுப்பவும்’ என்று அதன் முதுகிலும் எழுதியிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் குழந்தையைக் காப்பாற்றினார்கள். பெண் குழந்தை. அக்காவைக் காப்பாற்ற முடியவில்லை. "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமேம்மா" என்று ஆத்தாவின் தோளைத் தொட்டுச் சொன்னார் ஒரு நர்ஸ். ஆறுதலாகத்தான் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அதே மாடுகளைக் கட்டித்தான் காரை மணலிலிருந்து இழுத்தோம். அன்றிலிருந்து அய்யா மச்சானை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை. குழந்தை எங்கள் ஆத்தாவின் மடியில் வளர்ந்தது. மச்சான் வாராவாரம் காரை ரோட்டுக்கரையில் நிறுத்திவிட்டு, பால்பவுடர் டின்னோடு நடந்து வருவார். அவர் தலை ஆற்றில் தெரிந்ததும் அய்யா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார்.

சட்டத்தில் மணல்

சக்கரத்தை அகலப்படுத்தும் யோசனையை மச்சான் என்னிடம்தான் முதலில் சொன்னார். மதுரையில் நான் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மருந்துச்சீட்டு வந்தாலும், கரண்டு பில் வந்தாலும், கோர்ட்டு நோட்டீஸ் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். "ஆபத்தா, சட்டப்படி சரியா, ரெண்டையும் கேட்டுட்டு வா" என்றார்.

வண்டிகளைப் பதிவு செய்யும் ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த கிளார்க் பொறுமைக்காரர்.

"பதிவு பண்ணின வண்டியில எதை மாத்தினாலும் எழுத்துல தெரிவிக்கணும் தம்பி. ஆபீசர் பாத்து ஒத்துக்கிட்டாத்தான் ரோட்டுல ஓடலாம். இது வாடகை வண்டி வேற. வருஷா வருஷம் எஃப்.சி. சோதனைக்கு வரும்போது நிறுத்திருவாங்க. சொல்லாம ஓட்டி ஏதாச்சும் ஆச்சுன்னு வைங்க, இன்சூரன்சுக்காரன் கையை விரிச்சுருவான்." பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எதுக்கு அகலப்படுத்துறீங்க?"

"மணல்ல போறதுக்கு சார்."

"காருக்கு மணல்ல என்ன வேலை?"

ஆபத்தைப் பற்றி யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டித் தூக்குவதும், கையை நீட்டித் தூக்குவதும் ஒன்றா? சக்கரம் வெளிப்பக்கம் தள்ளிப்போகும்போது பாரம் முழுவதும் அப்படித்தான் பேரிங்கை இழுக்கும். அதோடு, கம்பெனியில் வரும் ரிம்மின் பலம் வேறு. அதை வெட்டி ஒட்டினால் சுற்றிலும் இரண்டு தழும்பு. ரோட்டில் உள்ள ஒவ்வொரு குழியும் அந்தத் தழும்பில்தான் அடிக்கும். வருஷக்கணக்கில் தாங்கினாலும் தாங்கும். நாளைக்கே விட்டாலும் விடும். வெளியே பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இப்போது அழகுக்காகவே சக்கரத்தை அகலப்படுத்தும் இளைஞர்களை மதுரையில் பார்க்கிறேன். அவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மச்சானிடம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் கேட்டார்:

"சட்டத்துல மணல் இருக்கா மாப்ள?"

எனக்குப் புரியவில்லை.

"ஆத்துக்குப் பாலம் போடாதது சட்டப்படி சரி. நா சக்கரத்த வெட்டுனா தப்பு. அப்படித்தான?"

கோட்டோடு வெட்டினார்கள்

இத்தனையும் பேசி முடித்த பிறகுதான் பட்டறையில் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"வேணாம் மச்சான்" என்றேன். "எஃப்.சி. கெடைக்காது. கார் நின்னுபோச்சுன்னா பாப்பாவுக்கு என்ன செய்வீக?"

"பாப்பாவும் ஒருநா அந்த ஆத்தத் தாண்டணும்ல" என்றார். அந்தோணியைப் பார்த்துத் தலையசைத்தார்.

கேஸ் பட்டென்று பற்றிக்கொண்டது. வாசலில் அய்யாவின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. அவர் திரும்பவில்லை. தீ வெள்ளைக்கோட்டில் மெதுவாக நடந்தது. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் வளைத்து வாங்கிவந்த பட்டைகளை நடுவே வைத்து அந்தோணி பற்றவைத்தான். பூரான் ஒட்டிக்கொண்டது போல இருந்தது அந்தத் தழும்பு. ஒரு ஜீப்பிலிருந்து கழற்றிய பழைய டயர்களை மாட்டினார்கள். மட்கார்டில் உரசியது. உள்விளிம்பைச் சுத்தியலால் மடக்கினார்கள்.

"வெல்டு தாங்குமா?" என்று கேட்டேன்.

"எங்கையில வச்சது விட்டுருச்சுன்னு இதுவரைக்கும் எவனும் திரும்பி வந்து சொன்னதில்ல தம்பி" என்றான் அந்தோணி. கொஞ்சம் யோசித்துவிட்டு, மச்சானிடம் குரலைத் தாழ்த்தினான். "எதுக்கும் மெயின் ரோட்டுல மெல்லப் போங்கண்ணே."

அக்கரை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குக் காலியாகக் கொண்டுவந்த காரை மச்சான் மறுபடி ஆற்றில் இறக்கினார். ஊர் கரையில் நின்றது. அன்றைக்கு இருந்த அதே பாரம் இருக்க வேண்டும் என்றார். சித்திகள் ஏறிக்கொண்டார்கள். மருத்துவச்சி ஏறினாள். ஆத்தா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்குப் பதில் ஒரு நெல்மூட்டை. அக்கா இருந்த இடத்தில் இன்னொரு மூட்டை. அதை ஏற்றும்போது மச்சான் மெதுவாகச் சாய்த்துவைத்தார்.

நான் முன்சீட்டில்.

கார் அந்த இடத்தைத் தாண்டியபோது தாண்டியதே தெரியவில்லை. தயங்கவே இல்லை. ஊர்க்கரையில் கிளம்பி ரோட்டுக்கரையில் ஏறி நின்றது. யாரும் கை தட்டவில்லை. சித்தி ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மச்சான் இறங்கித் திரும்பிப் பார்த்தார். மணலில் இரண்டு அகலமான தடங்கள், பாய் விரித்ததுபோல.

"பாத்தியா மாப்ள. போயிருச்சு."

"ஆமா மச்சான்."

கார் நிழலில் உட்கார்ந்தார். கையில் மணலை அள்ளி விட்டுக்கொண்டே இருந்தார்.

"போகாம இருந்திருந்தா நல்லாருந்திருக்கும் மாப்ள" என்றார்.

புதைந்திருந்தால், எந்தச் சக்கரமும் போயிருக்காது, யாராலும் முடிந்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். அந்தத் தேறுதலும் போய்விட்டது.

பிரேக் இன்ஸ்பெக்டர்

எஃப்.சி.க்கு நாள் வந்தது. நானும் கூடப் போனேன். வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரியை எங்கள் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். நடுவயதுக்காரர். குனிந்து, பின்சக்கரத்தின் தழும்பை விரலால் தடவினார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இதுல ஆளை ஏத்துறியா? ரோட்டுல கழண்டு ஓடுச்சுன்னா முன்னாடி வர்றவன் கதி என்ன? பழைய ரிம்மை மாட்டிக்கிட்டு வா. அதுவரைக்கும் வண்டி ஓடக்கூடாது."

"பழசத்தான் சார் வெட்டிட்டோம்" என்றேன்.

"எதுக்குய்யா வெட்டுனீங்க?"

மச்சான் சொல்ல ஆரம்பித்தார். அவர் அதை முழுதாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். விடிகாலை வலி கண்டதிலிருந்து லாரி நின்றதுவரை சொன்னார். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். பிறகு வருத்தத்தோடு, ஏதோ உதவியாகச் சொல்வதாக நினைத்து, சொல்லிவிட்டார்:

"மணல்ல போறதுக்கு இம்புட்டு வேலை எதுக்குப்பா? டயர்ல காத்தைப் பாதி எறக்கிவிட்டா அந்த டயரே அகலமாப் படிஞ்சு போயிருமே. ரோடு ஏறினதும் மறுபடி அடிச்சுக்கிட்டா..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

"காத்தையா சார்?" என்றார் மச்சான்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார்.

மச்சான் முன்டயர் பக்கம் போய் நின்றார். காலை எடுத்து அதை ஒருமுறை உதைத்தார். மெதுவாக.

"இரும்பாட்டம் இருக்கணும்னு நெனச்சேன் சார்" என்றார்.

கதவடைத்த வீடு

அவனியாபுரம் பட்டறையில் காரை விட்டவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கார் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஊருக்கும் வரவில்லை. அவனியாபுரத்திலேயே இருந்த அவர் வீட்டுக்கு நான் போய்க் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "காலேஜுக்குப் போ மாப்ள" என்று குரல் மட்டும் வரும். ஊரில் எங்கள் வீட்டில் பால்பவுடர் டின் தீர்ந்து, ஆத்தா ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்தாள். குழந்தைக்குச் சேரவில்லை.

ஒரு சாயங்காலம் நடந்ததை எல்லாம் அய்யாவிடம் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"காத்த எறக்கிருந்தா போதும்னா சொன்னாரு?"

"ஆமாய்யா."

மாடு குடித்து முடிக்கும்வரை நின்றார்.

அந்த வாரம் நான் ஊருக்குப் போனபோது மாடுகள் இருந்தன. மாட்டுவண்டி இல்லை. அது நின்ற இடத்தில் இரண்டு பள்ளம் மட்டும் இருந்தது. அய்யா துண்டை உதறித் தோளில் போட்டார். "வா, போவோம்" என்றார்.

மச்சானின் கதவை அவர் தட்டவில்லை. வாசலில் நின்று கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை."

உள்ளே எதுவோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. கதவு திறந்தது. மச்சானுக்குத் தாடி வளர்ந்திருந்தது. சட்டைகூடப் போட்டிருக்கவில்லை. அவசரமாகத் துண்டைத் தேடினார்.

"அன்னைக்குப் பூட்டுன மாட்ட அவுத்தவன் நானு" என்றார் அய்யா. "எனக்கு மணலு தெரியும். தெரிஞ்சும் அவுத்தேன், மருமகன் பிளசருன்னு. காத்த நீங்க ஒருத்தரே சொமக்காதீக மாப்பிள்ளை. பாதி என்னோடது. பிள்ளைக்குப் பால் சேரல. கெளம்புங்க."

மச்சான் நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழுதார். அய்யா அவர் தலையைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு மூன்று பேரும் பட்டறைக்கு நடந்தோம்.

காருக்குப் பழைய அளவிலேயே இரண்டு ரிம் அந்தோணி தேடி வைத்திருந்தான். இந்தமுறை தமாஷ் எதுவும் சொல்லவில்லை. வெட்டி ஒட்டிய ரிம்களைப் பட்டறை மூலையில் சாத்திவிட்டு வந்தோம். பக்கத்து டயர்க்கடையில் மச்சானின் பழைய டயர்களை மாட்டினார்கள். கம்ப்ரசர் கடகடவென்று ஓடியது. டயர் கல்லாக ஏறும்வரை வழக்கமாக நிறுத்தவிடாத மச்சான், பாதியிலேயே கையைக் காட்டினார். "போதும்ணே. இன்னைக்கு ஆத்தத் தாண்டணும்."

அய்யா மடியிலிருந்து மாட்டுவண்டி விற்ற பணத்தை எடுத்துக் கொடுத்தார். ரிம் இரண்டு, கழற்றி மாட்டிய கூலி எல்லாம் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் ஆனது. காற்று அடித்ததற்கு மட்டும் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் கடைக்காரர்.